அழையாமல் வந்தவர்கள்: தஞ்சைச் சோழர் ஓவியத்தில் நடுநாட்டின் பாதைகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றி ஓர் ஒடுக்கமான உட்சுற்றுப் பாதை இருக்கிறது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அதன் சுவர்களைப் பார்வையிட்டபோது மேலே தெரிந்தவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். அவற்றின் காரை உதிர்ந்திருந்த இடங்களில் அடியில் வேறொரு கை வரைந்த முகங்கள் வெளிப்பட்டன. முதலாம் ராஜராஜன் காலத்துச் சோழர் ஓவியங்கள் தமிழுலகுக்குத் திரும்பக் கிடைத்தது அப்படித்தான். அவற்றுள் மேற்குச் சுவரை நிறைத்து நிற்பது ஒரு பயணக் கதை. மணப்பந்தலில் தொடங்கி, ஊர்ச் சபை வழக்கு ஒன்றைக் கடந்து, யானையும் குதிரையுமாய் ஏறிக் கயிலாயத்தில் முடிகிறது. அதன் நாயகர் நம்பி ஆரூரர் என்ற சுந்தரர். அவர் பிறந்த திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருக்கிறது.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதியவர்கள் அதன் கோடுகளையும் வண்ணத்தையும் போற்றியிருக்கிறார்கள். பக்தி இயக்கத்தின் சான்றாகவும், ராஜராஜனின் சைவப் பற்றுக்கு அடையாளமாகவும் பார்த்திருக்கிறார்கள். அவை எல்லாம் சரியே. ஆனால் இதைப் பயண ஓவியமாக, அதுவும் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் பயண ஓவியமாகப் படித்தால் வேறொன்று புலப்படும். சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் இடையே கிடக்கும் நடுநாடு, வருவோரும் போவோரும் கடந்தே ஆகவேண்டிய நிலம். அதன் கதைகளில் தெய்வம் கோயிலுக்குள் காத்திருப்பதில்லை. யாரோ ஒரு வழிப்போக்கனாக, அழையாத விருந்தாளியாக வாசலில் வந்து நிற்கிறது. தஞ்சையின் ஓவியர் பயணத்தை வரைந்தபோது இந்த வாசல் சந்திப்புகளைத்தான் வரைந்தார் என்பது என் வாதம்.

கடக்கும் நிலம்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தை வரைபடத்தில் பார்த்தால் மேற்கே கல்வராயன் மலை சுவராக நிற்கும். அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சிப் பக்கமாக இறங்கி வருகிறது. வடக்கே தென்பெண்ணை திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. கல்வராயனுக்கும் அதன் தெற்கிலுள்ள பச்சைமலைக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் போகும் சாலை அதற்குள்தான் நுழைகிறது. சேலத்தைத் தாண்டினால் கொங்கு நாடு. அதற்கு அப்பால் பாலக்காட்டுக் கணவாய். பிறகு மலையாளக் கரை. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலை உளுந்தூர்ப்பேட்டையில் இந்தச் சாலையைச் சந்திக்கிறது. பெயர்களும் வாகனங்களும் மாறியிருக்கலாம். மலையும் ஆறும் விட்டுக்கொடுத்த வழி மாறவில்லை.

இந்த வட்டாரத்தில் பயணத்தை வரையும் பழக்கம் சோழருக்கு மிக முந்தியது. கீழ்வாலைப் பாறையில் செங்காவியில் தீட்டிய தொல்லோவியங்களுள் ஒன்றில் குதிரைமேல் ஒருவன் இருக்கிறான், கயிற்றைப் பிடித்து அதை நடத்திச் செல்கிறான் இன்னொருவன், கைகளை விரித்து எதிர்கொள்கிறான் மூன்றாமவன். மலையோ மரமோ பாதையோ அதில் இல்லை. வருகிறவனும் வரவேற்கிறவனும்தான் இருக்கிறார்கள். பனைமலையில் பல்லவன் ராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவியமான பார்வதி, குடை நிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். தஞ்சைக்கு மூன்று நூற்றாண்டு முன்பே இப்பகுதியில் தேர்ந்த ஓவியக் கைகள் வேலை செய்திருக்கின்றன.

இலக்கிய நினைவிலும் இது நடந்து வந்து சேரும் ஊர்ப்புறம்தான். வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த புலவர் கபிலரின் கதை திருக்கோவிலூரில் முடிகிறது. பாரி மகளை அவ்வூரை ஆண்ட மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் பெண்ணையாற்றில் தீப்புகுந்தார் என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஆற்றின் நடுவிலுள்ள பாறை இன்றும் கபிலர் குன்று. அதே கல்வெட்டு இன்னொரு பெண்ணையும் நினைவுகூர்கிறது. மலையமான் குடியில் பிறந்து சுந்தர சோழனை மணந்து, கணவன் இறந்தபோது பச்சிளங் குழந்தையைப் பிரிந்து உடன் தீப்புகுந்த வானவன் மாதேவி. அவள்தான் ராஜராஜனின் தாய். ஆக, தஞ்சைச் சுவரில் திருநாவலூர்க்காரர் இடம்பெற்றது எங்கோ இருந்த ஓர் ஊரின் கதை அல்ல. கோயிலைக் கட்டிய அரசனின் தாய்வழி நிலத்தை ஒட்டிய கதை அது.

சுவரைக் கீழிருந்து படித்தல்

மேற்குச் சுவரின் ஓவியம் கீழிருந்து மேலாக ஏறுகிறது. அடியில் புத்தூர். சடங்கவி சிவாச்சாரியாரின் மகளை ஆரூரருக்கு மணம் பேசிய நாள். சமையல் நடக்கிறது, பெண்கள் நடமாடுகிறார்கள், கல்யாண வீட்டின் பரபரப்பு முழுதும் தெரிகிறது. ஒரு கிழவர் வருகிறார். கையில் ஓலையும் குடையும். மணமகன் தனக்கு அடிமை, அவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆவணம் இது என்கிறார்.

அடுத்தது திருவெண்ணெய்நல்லூர்ச் சபை. தஞ்சை ஓவியங்களிலேயே முகங்களுக்காக ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். கிழவர் ஓலையை உயர்த்திப் பிடிக்கிறார். சுற்றிலும் சபையோர். ஒருவர் முகத்தில் ஐயம், ஒருவர் முகத்தில் வியப்பு, இன்னொருவர் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்கிறார். இளைஞரான ஆரூரர் ஒதுங்கி நிற்கிறார். கதை நமக்குத் தெரியும். புத்தூரில் ஆரூரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் பாட்டனின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த ஊரில் உமக்கு வீடு எங்கே என்று கேட்டபோது கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துபோகிறார். வந்தவர் சிவனே. ஓவியத்திலும் கோயில் ஒன்று இருக்கிறது. அதை நோக்கித் திகைத்து நிற்கும் கூட்டமும் இருக்கிறது.

அதற்கு மேலே பாதை வேகமெடுக்கிறது. வெள்ளை யானைமேல் ஆரூரர், பாய்ந்தோடும் குதிரைமேல் அவர் நண்பர் சேரமான் பெருமாள், வானோர் பூச்சொரிகிறார்கள். உச்சியில் புலித்தோல்மேல் யோகப்பட்டம் கட்டிச் சிவன் அமர்ந்திருக்க, எதிரே நடனமகளிர் ஆடுகிறார்கள், தாளம் ஒலிக்கிறது. வந்து சேர்ந்த இருவரும் அங்கே அமர்ந்து பார்க்கிறார்கள்.

இதில் கால அளவைக் கவனிக்க வேண்டும். கோயிலுக்குக் கலசம் வைத்தது 1010இல். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 1133க்குப் பின். ஓவியருக்குப் பெரியபுராணம் தெரியாது. அவருக்கு முன்னிருந்தவை சுந்தரரின் சொந்தப் பதிகங்களும், காலம் பற்றிய மரபை ஏற்றால் நம்பியாண்டார் நம்பியின் சுருக்கமான அந்தாதியும், ஊர்களில் வழங்கிய கதையும். சேக்கிழார் விரித்துச் சொன்ன தடுத்தாட்கொண்ட கதையின் காட்சிகள், அவருக்கு நூற்றிருபது ஆண்டுக்கும் முன்பே வண்ணத்தில் ஒழுங்குபட்டுவிட்டன. நூலைப் பார்த்து வரைந்த படம் இல்லை இது. நூலும் படமும் ஒரே வாய்மொழி மரபிலிருந்து நீர் மொண்டவை.

உத்தியும் கதைக்கு ஒத்தே வந்திருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இச்சுவர்களை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்புக் காரையில் நிறம் ஏற்றிய முறை இது என்று காட்டினார். காரை காயுமுன் அந்தப் பகுதியை முடித்துவிட வேண்டும். கை தயங்கினால் கெட்டுவிடும். சபையோரின் முகபாவங்கள் அவ்வளவு கூர்மையாக அமைந்தது இந்த அவசரத்துக்கு உட்பட்டுத்தான்.

மலைநாட்டிலிருந்து வந்த வழி

சேரமானும் ஆரூரரும் நண்பர்களாக ஊர் ஊராகச் சென்றார்கள் என்பது புராணம். அந்த நட்புக்கு உருவம் கொடுக்க ஓவியர் வெறும் கற்பனையை நம்ப வேண்டியிருக்கவில்லை. அவருக்கு இரண்டு தலைமுறை முன்பு திருநாவலூரிலேயே மலையாள நாட்டார் கூட்டம் ஒன்று தங்கியிருந்தது.

முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன், ராஷ்டிரகூடரின் படையெடுப்பை எதிர்பார்த்து, திருநாவலூர் அடங்கிய திருமுனைப்பாடி நாட்டில் படையோடு நெடுங்காலம் தங்கினான். திருநாவலூர் அவன் பெயரால் ராஜாதித்தபுரம் ஆயிற்று. அங்குள்ள திருத்தொண்டீச்சுரம் கோயிலின் கல்வெட்டுகளில் அவன் பரிவாரத்து மலையாளச் சேவகர்கள் கொடுத்த கொடைகள் பதிவாகியிருக்கின்றன. பெண்ணையாற்றங்கரையின் கிராமம் என்ற ஊரில் 943இல் கற்கோயில் எடுத்தவன் வெள்ளன்குமரன் என்ற கேரளத்துப் படைத்தலைவன். 949இல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானைமேலேயே மாண்டான்.

அதற்குப் பின் திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற துறவி தோன்றுகிறார். கேரளத்தில் பிறந்தவர், ராஜாதித்தனின் நண்பர், போரில் நண்பனோடு சாக முடியாமல் போன வருத்தத்தில் கங்கையில் நீராடித் துறவு பூண்டு ஒற்றியூர் மடத்தின் தலைவரானவர் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வெள்ளன்குமரனே இந்தச் சதுரானனர் என ஆய்வாளர் சிலர் கருதுவர். அது தெளிவாகாவிட்டாலும் பாதை தெளிவு. கேரளத்திலிருந்து திருமுனைப்பாடி, அங்கிருந்து கங்கை, கங்கையிலிருந்து ஒற்றியூர். ஒரு சோழ இளவரசனும் ஒரு மலைநாட்டு வீரனும் நண்பர்களாயிருந்த ஊர், சுந்தரரின் ஊர். அறுபது ஆண்டு கழித்துச் சோழர் தலைநகரில் ஒரு திருநாவலூர்க்காரரும் ஒரு சேர அரசரும் சேர்ந்து பயணம் போகும் ஓவியம் எழுதப்படுகிறது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நிறுவ வழியில்லை. ஆனால் ஓவியத்தைப் பார்த்த 11ஆம் நூற்றாண்டுச் சோழ அதிகாரிக்கு, மலைநாட்டு நண்பனோடு பயணம் என்பது கேட்டறிந்த செய்தியாகவே இருந்திருக்கும்.

தடுத்தவனும் வழிவிட்டவனும்

ராஜராஜேச்சுரம் என்ற தஞ்சைப் பெரிய கோயிலில் நடுநாட்டின் கதை சுவரோடு நிற்கவில்லை. கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக்குள் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைக் கல்வெட்டு பட்டியலிடுகிறது. நம்பி ஆரூரர், அவர் மனைவி நங்கை பரவையார், சம்பந்தர், நாவுக்கரசர் ஆகியோரோடு மிலாடுடையாரும் அதில் இருக்கிறார். திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார்தான் இவர்.

அவர் கதையும் ஒரு வழிப்போக்கனின் கதை. போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் திருநீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்து, சைவ அடியார் வேடத்தில் அரண்மனைக்கு வருகிறான். வணங்கிய அரசரைக் குத்துகிறான். காவலன் தத்தன் வாளை உருவ, விழுந்துகொண்டே அரசர் தடுக்கிறார். இவர் நம்மவர், ஊர் எல்லை தாண்டும்வரை இவருக்கு ஒரு தீங்கும் நேராமல் கொண்டுபோய் விட்டு வா என்று ஆணையிடுகிறார். தத்தன் போய் விட்டுவந்து சொன்ன பிறகே உயிர் பிரிகிறது. இவர் நம்மவர் என்று தத்தனிடம் சொன்ன அந்தச் சொல்லையே அடைமொழியாக்கித்தான் தஞ்சைக் கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. அரசர் ஆயிரம் செய்திருக்கலாம். நினைவில் நின்றது கொலைகாரனுக்குக் கொடுத்த வழித்துணை.

அதே திருக்கோவிலூரில் வைணவம் சொல்லும் கதையும் தங்கும் இடத்தைப் பற்றியதுதான். மழை இரவில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வருகிறார், இருவர் இருக்கலாம். பேயாழ்வார் வருகிறார்; மூவர் நிற்கலாம். நான்காவதாக யாரோ இருட்டில் நெருக்குகிறார்கள். அது பெருமாள். மூன்றடியால் உலகை அளந்தவர் என்று அவ்வூர்க் கோயிலில் வானளாவ நிற்பவர், அந்த இடைகழியில் கால்வைக்க இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கிறார்.

ஔவையார் பற்றி வீரட்டானேசுவரர் கோயில் மரபு சொல்வது பிற்காலக் கதை. ஆனால் தஞ்சைச் சுவரோடு நேராகப் பேசுவது அதுதான். ஆரூரரும் சேரமானும் கயிலைக்குப் புறப்பட்ட செய்தி கேட்டு ஔவை பூசையை அவசரப்படுத்துகிறார். பெரிய யானைக் கணபதி பதற்றப்படாதே என்று சொல்லி, பூசை முடிந்ததும் துதிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்னே கயிலையில் வைத்துவிடுகிறார். யானையும் குதிரையும் ஏறியவர்கள் பின்தங்கிவிட, உட்கார்ந்த இடத்தில் பூசையை முடித்த கிழவி முந்திக்கொள்கிறாள்.

மலையடியிலிருந்து மேலே போனால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. கல்வராயன் மலையில் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு ஆளுக்கொரு மலை ஏறினார்கள். காஞ்சியின் தெய்வம் கரியராமனும் கூடவே வந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த நூலிலும் இக்கதை இருக்கிறது. யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். பெரிய கல்வராயனில் கோயில்புத்தூரில் கரியராமர் கோயில் கொண்டிருக்கிறார். கீழ்நாட்டுக் கதைகளில் தெய்வம் வழிப்போக்கனாக வந்து மக்களைச் சந்திக்கிறது. மலைக்கதையில் மக்களே வழிப்போக்கர்கள். தெய்வம் அவர்களோடு இடம்பெயர்ந்த உறவுக்காரர். நிலத்தை விட்டுக் கிளம்பியவர்களின் கதைக்கும், வந்தவர்களுக்குக் கதவு திறந்தவர்களின் கதைக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னதற்கு அரசன் சுவர் கொடுக்கவில்லை. அது வாய்மொழியிலும் திருவிழாவிலும் நிலைத்திருக்கிறது.

நிலக்காட்சி இல்லாத பயணம்

பயணத்தை வரையும் முறைகள் உலகில் பல. ஜப்பானில் நாடோடித் துறவி இப்பெனின் வாழ்க்கையைச் சொல்லும் பன்னிரண்டு பட்டுச் சுருள்கள் 1299இல் முடிந்தன. அங்கே மலை, ஆறு, பாலம், பனி எல்லாம் பரந்து கிடக்கின்றன. துறவியும் கூட்டமும் அவற்றினூடே சிறு உருவங்களாக நகர்கிறார்கள். தஞ்சையில் நேர்மாறு. நிலம் ஒடுங்கி, ஆட்கள் பெருத்திருக்கிறார்கள். புத்தூருக்கும் வெண்ணெய்நல்லூருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஓவியர் வரையவில்லை. வீட்டு விருந்து சபை வழக்காக மாறிவிட்டது என்பதே நடந்து வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டிலேயே ஓர் எதிர்த்துணை இருக்கிறது. சுந்தரர் அடியார்களைக் கண்டு திருத்தொண்டத்தொகை பாடியதாகச் சொல்லப்படும் திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில், மராட்டியர் காலத்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி முசுகுந்தன் கதை தீட்டப்பட்டது. ஓவியர் சிங்காதனம் தம் பெயரையும் எழுதிவைத்தார். இந்திரலோகத்திலிருந்து தியாகராசரை முசுகுந்தச் சோழன் திருவாரூருக்குக் கொண்டுவரும் பயணம் அது. ஊர்வலம், வாத்தியம், வாணவேடிக்கை, கூட்டம், ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம். தஞ்சையில் மனிதன் மேலே போகிறான். திருவாரூரில் தெய்வம் கீழே வருகிறது. தஞ்சையில் வழியில் சந்திப்பவர் சிலரே. திருவாரூரில் பயணம் என்பதே திருவிழாக் கூட்டம்.

ஓர் ஆட்சேபம் எழலாம். சுந்தரர் நாயன்மார் பட்டியலையே தந்தவர். அரசனின் கோயிலில் அவருக்கு ஒரு சுவர் கிடைத்ததற்கு வேறு காரணம் எதற்கு? பொருளைத் தேர்ந்ததற்கு அது போதும். காட்சிகளைத் தேர்ந்ததற்குப் போதாது. சுந்தரர் வாழ்வில் அற்புதங்களுக்குக் குறைவில்லை. ஆற்றிலிட்ட பொன் குளத்தில் கிடைத்தது, முதலை விழுங்கிய பிள்ளை மீண்டது, இழந்த கண் திரும்பியது. இந்தச் சுவரில் ஓவியர் விரித்துச் சொன்னது அற்புதங்களை அல்ல. அழையாமல் வந்த கிழவரையும் கயிலைக்கான பயணத்தையும்.

இரண்டையும் ஒன்றாக வைத்ததன் பொருள் உச்சியில்தான் விளங்குகிறது. மரபுக் கதையில் கயிலையிலிருந்து அழைப்பு வந்தது ஆரூரருக்கு மட்டும். சேரமான் தானாகக் குதிரையேறிப் பின்தொடர்ந்தவர், வாயிலில் தடுக்கப்பட்டார். ஆரூரர் உள்ளே சென்று பரிந்து பேசியபின் அனுமதி கிடைத்தது. அழையாமல் வந்தது ஏன் என்று சிவன் கேட்டார். கீழே, அழையாமல் வந்த கிழவரை விரட்டப் பார்த்த அதே இளைஞர், மேலே, அழையாமல் வந்த நண்பருக்காக வாதாடுகிறார். சுவரின் அடிக்கும் முடிக்கும் நடுவே அவர் கடந்த தூரம் அதுதான். யானை ஏற்றிச் சென்றது உடலை.

இப்படிப் படிக்க முழுச் சுவரும் கண்முன் இருந்தாக வேண்டும். நம் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் அது துண்டுதுண்டாகவே வந்திருக்கிறது. வெள்ளை யானை தனி, நடனமகளிர் தனி, ஓலை ஏந்திய கிழவர் தனி. உட்சுற்றின் ஒடுக்கத்தில் விலகி நின்று படமெடுக்க இடமில்லை என்பது ஒரு காரணம். 2011இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட பி. எஸ். ஸ்ரீராமனின் ஆவணநூல், பகுதி பகுதியாக எடுத்த படங்களை இணைத்து முழுத் தோற்றத்தைத் தந்தபின் அந்தக் காரணமும் இல்லை. உட்சுற்றில் பொதுமக்களுக்கு அனுமதியில்லாத நிலையில், அந்த முழுப்படத்தின் பெரிய அளவுப் படி ஒன்று திருநாவலூரிலோ திருக்கோவிலூரிலோ இருக்கவேண்டும். பக்கத்திலேயே கல்வராயனின் கரியராமன் கதையை ஊருக்கு ஊர் மாறும் வடிவங்களோடு பதிவுசெய்து வைக்கலாம். சுவர் கிடைத்த பயணத்தையும் கிடைக்காத பயணத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நடுநாட்டின் பாதைகள் பற்றிய ஆய்வு தொடங்கும்.